எஞ்சின் எவ்வளவு நேரம் தூங்கும்? ஹைப்ரிட் கார் வாங்கும் முன் போட்ட கணக்கு

போன வருஷம் எங்கள் குடும்பத்தில் ஒரே மாதத்தில் இரண்டு பேர் கார் தேடினார்கள். ஒருவர் வேளச்சேரியில் இருக்கும் அக்கா. சிறுசேரியில் வேலை. மெட்ரோ பணிக்காகத் தடுப்பு வைத்துக் குறுக்கிய ஓ.எம்.ஆரில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். இன்னொருவர் ஈரோட்டு மாமா. மஞ்சள் வியாபாரம். மாதம் இரண்டு தடவை சென்னைக்கு வந்து போவார். விடியற்காலை கிளம்பினால் சேலம், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் என்று நேரே ஓட்டிக்கொண்டு வருவார். நடுவில் ஒரு காபிக்கு மட்டும் நிறுத்துவார்.

இரண்டு பேர் கண்ணும் விழுந்தது ஒரே வண்டியின் மேல்: மாருதி கிராண்ட் விட்டாரா. ஷோரூமுக்குப் போய் வந்த அன்றைக்கே அக்கா போன் செய்தாள். "ஏன்டா, ரெண்டு வண்டியுமே ஹைப்ரிட்னுதான் சொல்றாங்க. ஒண்ணுக்கு மட்டும் ஏன் லட்சக்கணக்குல ஜாஸ்தி கேக்கறாங்க?" மாமாவின் கேள்வி வேறு. "மாப்ள, அந்த பேட்டரிய ராத்திரி வீட்ல சார்ஜு போடோணுமா?"

போட வேண்டியதில்லை. பெட்ரோல் எஞ்சினோடு ஒரு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த கார்தான் ஹைப்ரிட். நம் ஊரில் பரவலாக விற்கும் ஹைப்ரிட்கள் எதற்கும் பிளக் கிடையாது. உள்ளே வரும் ஆற்றல் எல்லாமே பெட்ரோல் பங்கில் பிடித்ததுதான். பிரேக் பிடிக்கும்போது வீணாகப் போகும் வேகத்தைத் திருப்பிப் பிடித்து வைக்கிறார்கள், எஞ்சினைச் சிக்கனமாக ஓடக்கூடிய நேரத்தில் மட்டும் ஓட்டுகிறார்கள், மற்ற நேரத்தில் அணைத்துவிடுகிறார்கள். விஷயம் அவ்வளவுதான். ஆகவே எந்த ஹைப்ரிட் என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, நம் தெருவிலும் நம் ரோட்டிலும் அந்த எஞ்சின் எவ்வளவு நேரம் தூங்கும் என்பதை. அதைத் தூங்கவைத்து எழுப்பும் விதம் வண்டிக்கு வண்டி மாறுகிறது. அக்கா கேட்ட விலை வித்தியாசமும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் விலை குறைந்தது. மைல்டு ஹைப்ரிட், மாருதி இதற்கு ஸ்மார்ட் ஹைப்ரிட் என்று பெயர் வைத்திருக்கிறது. சாதாரண 1.5 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் இருக்கும் இடத்தில், அதே பெல்ட்டில், கொஞ்சம் பெரிய மோட்டார் ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். சிக்னலில் நின்று நியூட்ரலுக்குப் போனால் எஞ்சின் அணையும். கிளட்ச்சை மிதித்தால் பெல்ட் இழுத்து, சத்தமில்லாமல் திரும்ப எழுப்பும். கிளம்பும்போது லேசாகக் கைகொடுக்கும். அதற்குமேல் அதனால் முடியாது. அந்த மோட்டாரால் மட்டும் வண்டியை ஒரு அடிகூட நகர்த்த இயலாது. இதில் மின்சாரத்துக்கும் பெட்ரோலுக்கும் இடையில் மாறுவது என்ற பேச்சே இல்லை. கண்டிப்பானவர்கள் இதை ஹைப்ரிட் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனக்கும் அந்தப் பெயர் கொஞ்சம் தாராளமாகத்தான் படுகிறது.

நம் வெயிலில் இதற்கு ஒரு இடைஞ்சலும் உண்டு. இந்த வகையில் ஏ.சி. கம்ப்ரஸர் எஞ்சின் பெல்ட்டில் ஓடுகிறது. எஞ்சின் நின்றால் கம்ப்ரஸரும் நிற்கும். வெறும் ஃபேன் காற்றுதான் வரும். மே மாதம் மத்தியான நேரத்தில் மத்திய கைலாஷ் பக்கம் மாட்டிக்கொண்டால் அரை நிமிஷத்தில் கழுத்து வேர்க்கும். அக்காவோடு வேலை பார்க்கும் ஒருவர் இதுபோன்ற வண்டிதான் வைத்திருக்கிறார். வண்டியை எடுத்ததும் அவர் கை முதலில் போவது எஞ்சின் தானாக அணைவதைத் தடுக்கும் பட்டனுக்கு. ஆக, காசு கொடுத்து வாங்கிய ஒரே வித்தையையும் தினமும் காலையில் அணைத்துவிட்டுத்தான் ஆபீஸ் போகிறார்.

விலை கூடியது ஸ்ட்ராங் ஹைப்ரிட். இதன் உள்ளே இருப்பது டொயோட்டாவின் ஏற்பாடு. டொயோட்டா விற்கும் ஹைரைடர் காரும் இதுவும் உள்ளுக்குள் ஒன்றுதான், இரண்டுமே பெங்களூரு அருகே பிடதி ஆலையில் தயாராகின்றன. மூன்று சிலிண்டர் 1.5 லிட்டர் எஞ்சின், 92 குதிரைத்திறன். மோட்டார் 80. கூட்டினால் 172 வர வேண்டும் என்று தோன்றும். ஆனால் கம்பெனி சொல்வது 115.5. மோட்டாருக்குப் பேட்டரி அவ்வளவு மின்சாரத்தை ஒரே மூச்சில் தர முடியாது, இரண்டும் ஒரே வேகத்தில் உச்சத்தைத் தொடுவதும் இல்லை. ஷோரூமில் ஒரு தம்பி கூட்டித்தான் சொன்னார். நான் ஒன்றும் பேசவில்லை, மாமா மட்டும் ஒரு சீட்டில் 172 என்று குறித்துக்கொண்டார்.

இதில் கியர்பாக்ஸ் என்று நாம் நினைக்கும் பொருள் கிடையாது, கிளட்ச்சும் கிடையாது. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் பிரியஸ் ஹைப்ரிட் காரிலிருந்து டொயோட்டா விடாமல் பிடித்திருப்பது பிளானட்டரி கியர் எனும் ஒரு பல்சக்கரக் கூட்டத்தை. நடுவில் ஒரு சிறு சக்கரம். அதில் ஜெனரேட்டர் மாட்டியிருக்கிறது. வெளியே பெரிய வளையம்; அது ஓட்டும் மோட்டாரோடும் காரின் சக்கரங்களோடும் சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் சுற்றிவரும் குட்டிச் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தை எஞ்சின் பிடித்திருக்கிறது. மூன்றும் எந்நேரமும் ஒன்றோடொன்று கோத்தே இருக்கும். எதையும் கழற்றுவதில்லை, மாட்டுவதில்லை.

அப்படியானால் எப்படி மாறுகிறது? தேர்த் திருவிழா பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். வடம் இழுப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் தேர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கையில் இருக்கிறது. இங்கே நடுச்சக்கரத்தில் இருக்கும் ஜெனரேட்டருக்கு அந்த வேலை. அதைத் தடையில்லாமல் சுழல விட்டால் எஞ்சின் அசையாமல் இருக்கும், மோட்டார் மட்டும் வண்டியை ஓட்டும். அதையே முடுக்கினால் தூங்கும் எஞ்சினை இழுத்து எழுப்பும். தனியாக ஸ்டார்ட்டர் மோட்டார் வேண்டாம். எஞ்சின் பிடித்துக்கொண்டபின் எதிர்த்து அழுத்தினால், விசையில் ஒரு பங்கு மின்சாரமாகும், மீதி சக்கரத்துக்குப் போகும். பழைய பிரியஸில் வெளிவளையத்துக்கு 78 பல், நடுச்சக்கரத்துக்கு 30 பல். அந்தக் கணக்கில்தான் எஞ்சினின் திருகுவிசை 72 சதவீதம் சக்கரத்துக்கும் 28 சதவீதம் ஜெனரேட்டருக்கும் பிரிந்தது.

எப்போது எழுப்புவது என்பதை முடிவு செய்வது கம்ப்யூட்டர். பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால், ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தால், வேகம் கூடினால், எஞ்சின் எழும். நடுச்சக்கரம் எவ்வளவு வேகத்தில் சுழலலாம் என்பதற்கும் எல்லை உண்டு. அதனால் முதல் பிரியஸ் சுமார் 65 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினாலே, தேவையோ இல்லையோ, எஞ்சின் சுற்றியாக வேண்டியிருந்தது. பின்னால் வந்தவற்றில் அந்த எல்லையை உயர்த்திவிட்டார்கள். ஹைவேயில் காலை எடுத்தால் எஞ்சின் அணைந்து வண்டி வழுக்கிக்கொண்டு போகும்.

டெஸ்ட் டிரைவ் அன்று அக்காவுக்கு ஒரே ஏமாற்றம். காலை ஒன்பது மணி, வண்டியை எடுத்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, எஞ்சின் உறுமியது. "எலக்ட்ரிக்கா கிளம்பும்னு சொன்னீங்களே?" புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் சூடானால்தான் புகையைச் சுத்தம் செய்யும், அதற்காகக் குளிர்ந்த எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டும். அதன்பின் ஐந்தாவது நிமிஷத்தில் அணைந்தது. மோட்டாரில் ஓடுவதைக் காட்டும் பச்சை எழுத்து எரிந்தது. நெரிசலில் பத்தடி, நிற்பது, மறுபடி பத்தடி, எல்லாம் மோட்டாரிலேயே. இதில் ஏ.சி. கம்ப்ரஸருக்கென்று தனி மின்மோட்டார் இருப்பதால் எஞ்சின் தூங்கினாலும் குளிர் குறையாது. அக்காவுக்கு அந்த இடத்திலேயே மனசு விழுந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் பேட்டரி சின்னது. 0.76 யூனிட், அதாவது மின்வாரியம் பில் போடும் அதே யூனிட். ஒரு டன் ஏ.சி.யை முக்கால் மணி நேரம் ஓட்டும் அளவு. ஆயுள் கெடாமல் இருக்க அதிலும் நடுப்பகுதியை மட்டுமே பயன்படுத்தும்; அடிமட்டம் வரை வடிக்காது, தளும்பத் தளும்ப நிரப்பாது. எலக்ட்ரிக் ஓட்டத்துக்கென்று ஒரு பட்டன் இருக்கிறது, அதை அழுத்தினாலும் ஒன்றிரண்டு கிலோமீட்டரில் எஞ்சின் எழுந்துவிடும். நெரிசலில் ஏ.சி.யோடு நெடுநேரம் நின்றாலும் பேட்டரியை நிரப்ப நடுநடுவே எழும். அதைக் குறை என்று சொல்ல மாட்டேன். அதன் வேலையே அதுதான்.

மலையில்தான் இந்தச் சின்னப் பேட்டரியின் குணம் பச்சையாகத் தெரியும். நண்பர் ஒருவரின் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் ஏற்காடு போனோம். ஏறும்போது முதல் சில வளைவுகளிலேயே பேட்டரி வற்றியது. அதன்பின் மூன்று சிலிண்டரும் முனகிக்கொண்டே மேலே வரை வந்தன. இறங்கும்போது நேர்மாறு. ஆட்களோடு ஒன்றரை டன்னுக்குமேல் இருக்கும் வண்டி 1,200 மீட்டர் இறங்கினால் கணக்குப்படி விடுபடும் ஆற்றல் சுமார் ஐந்து யூனிட். பிடித்துவைக்க இருக்கும் பாத்திரமோ முக்கால் யூனிட். பாதி மலை இறங்குவதற்குள் நிரம்பிவிட்டது. திடீரென்று, காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்திருக்கும்போதே, எஞ்சின் சத்தம் ஏறியது. நண்பர் பயந்து ஓரம் கட்டினார். பயப்பட ஒன்றுமில்லை. மிச்ச மின்சாரத்தை வைத்து ஜெனரேட்டர் எஞ்சினைப் பெட்ரோல் இல்லாமல் சும்மா சுழற்றுகிறது. பழைய லாரிக்காரர்கள் செகண்ட் கியரில் இறங்குவது போலத்தான். பிரேக் சூடேறிப் போகாமல் இருக்க இது நல்லது. வாங்கியபோது யாராவது சொல்லியிருக்கலாம்.

மூன்றாவதாக, பட்டியலில் இல்லாத ஒன்றை நான்தான் நுழைத்தேன்: ஹோண்டா சிட்டி இ.எச்.இ.வி. 2022 மே மாதம் இந்தியாவில் வந்தது. இதன் மாறும் விதம் டொயோட்டாவுக்கு நேர் எதிர். நகரத்தில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இருக்காது. எஞ்சின் ஜெனரேட்டரைச் சுற்றும், ஜெனரேட்டர் தரும் மின்சாரத்தில் மோட்டார் வண்டியை ஓட்டும். நம் தெரு ஜெனரேட்டர் செட் போலத்தான், வண்டிக்குள் இருக்கிறது. ஹைவேயில் ஒரே சீரான வேகம் பிடித்ததும் ஒரு கிளட்ச் போய்ப் பூட்டிக்கொள்ளும். அப்போது எஞ்சின் நேராகச் சக்கரத்தைச் சுற்றும். இருப்பது ஒரே ஒரு பல் விகிதம், டாப் கியருக்கு ஈடானது. மின்சாரமாக மாற்றி மறுபடி சுழற்சியாக மாற்றும்போது வழியில் கொஞ்சம் சிந்தும். நெடுஞ்சாலையில் அந்தச் சிந்தலைத் தவிர்க்கத்தான் இந்தக் கிளட்ச். மோட்டாரின் இழுவை 253 நியூட்டன் மீட்டர். லாரியைத் தாண்ட மிதித்தால் டொயோட்டா முறையில் முதலில் சத்தம் ஏறி, பின்னாலேயே வேகம் வரும். இது அவ்வளவு யோசிக்காது. ஓட்டிப் பார்த்ததில் எனக்குப் பிடித்தது இதுதான், இருவருமே வாங்கவில்லை. அக்காவுக்கு வேளச்சேரித் தண்ணீரை நினைத்து உயரமான வண்டி வேண்டும். 2024 அக்டோபரில் மழை அறிவிப்பு வந்ததும் மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்தியவர்களில் அவளும் ஒருத்தி. மாமாவின் காரணம் டிக்கி.

டிக்கியைப் பற்றி விளம்பரத்தில் யாரும் பேச மாட்டார்கள். பேட்டரி எங்கேயாவது உட்கார வேண்டுமே. பெட்ரோல் சிட்டியில் 506 லிட்டர் இடம், ஹைப்ரிட்டில் 306. மைல்டு கிராண்ட் விட்டாராவில் 373, ஸ்ட்ராங்கில் 265. மஞ்சள் சாம்பிள் மூட்டையோடு ஊர் சுற்றும் மனிதருக்கு இந்த நூறு லிட்டர் பெரிது. நாலு சக்கர இழுவையும் மைல்டு வகையில்தான் கிடைக்கிறது, தோட்டத்துச் சேற்றுப் பாதைக்கு அது உதவும் என்று அவருக்கு ஒரு ஆசை.

இனி பணம். கம்பெனி கணக்கில் ஸ்ட்ராங் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர், மைல்டு மேனுவல் 21.11. இரண்டையும் அப்படியே நம்பி மனக்கணக்குப் போடுகிறவர்கள் ஒரு முடிவுக்கு வருவார்கள்: அதிகம் ஓடுகிறவருக்கு ஹைப்ரிட், குறைவாக ஓடுகிறவருக்குச் சாதா வண்டி. டீசல் காலத்து விதி இது. ஹைப்ரிட்டுக்கு இது பொருந்தவில்லை.

இரண்டு வண்டிக்கும் விலை வித்தியாசம் இரண்டரை லட்சம், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். அக்கா மாதம் 1,000 கிலோமீட்டர். நெரிசலில் மைல்டு 12 தரும், ஸ்ட்ராங் 21 தரும் என்று எடுத்தால் மாதம் 36 லிட்டர் மிச்சம். ஆறு வருஷத்துக்குள் போட்ட காசு திரும்பும். மாமா மாதம் 1,500 கிலோமீட்டருக்குமேல். ஆனால் அத்தனையும் ஹைவே. மைல்டு 18, ஸ்ட்ராங் 22 என்று வைத்தால் 1,500 கிலோமீட்டருக்கு 15 லிட்டர்தான் மிச்சமாகும். காசு திரும்பப் பதின்மூன்று வருஷத்துக்கு மேலாகும். ஒன்றரை மடங்கு ஓடுகிறவருக்குப் பாதிகூட மிச்சமில்லை! காரணம் மேலே சொன்னதுதான். நூறில் சீராக ஓடும் எஞ்சின் தூங்குவது அபூர்வம். பிரேக் பிடித்தால்தானே பிடித்துவைக்க ஏதாவது இருக்கும். என் எண்களை மாற்றி உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். வண்டியின் ஸ்கிரீனில் உங்கள் வழக்கமான ரோட்டின் சராசரியைப் பார்த்துவிட்டுப் போட்டால் இன்னும் நல்லது. அதற்கு ஷோரூம்காரர் சுற்றிக்காட்டும் இரண்டு கிலோமீட்டர் போதாது. ஆபீஸ் நேரத்தில், ஏ.சி.யை முழுதாக வைத்து, வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு டெஸ்ட் டிரைவ் கேளுங்கள்.

பிளக் போடும் முழு எலக்ட்ரிக் கார் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். ஜி.எஸ்.டி.யே அதற்கு 5 சதவீதம்தான். இந்த அளவு ஹைப்ரிட்டுக்கு 40. அக்காவின் அடுக்ககத்தில் பார்க்கிங்கில் பாயிண்ட் இழுக்க அசோசியேஷன் சம்மதிக்கவில்லை, பேச்சு அங்கேயே முடிந்தது. சம்மதித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

பேட்டரி செத்தால் வண்டி விலையில் பாதி போகும் என்று பயமுறுத்துகிறவர்கள் எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு. பெரிய பேட்டரிக்கு எட்டு வருஷம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி தருகிறார்கள். காலை வாரிவிடுவது பெரும்பாலும் சின்னதுதான். பெரியம்மா வீட்டு ஹைப்ரிட் மூன்று வாரம் நின்றது. திரும்பி வந்து பட்டனை அழுத்தினால் மூச்சில்லை. பெரிய பேட்டரியில் சார்ஜ் இருந்தது. ஆனால் அதைத் திறந்துவிடும் ரிலேக்கும் கம்ப்யூட்டருக்கும் மின்சாரம் தருவது மற்ற கார்களில் இருக்கும் அதே 12 வோல்ட் பேட்டரி, அது படுத்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் டோ செய்து கொண்டுவரச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஜம்பர் கேபிளோடு வந்தார், இரண்டு நிமிஷத்தில் ரெடி விளக்கு எரிந்தது. ஆரஞ்சு நிற வயர் பக்கம் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது. அது உயர் மின்னழுத்தம். வெள்ளத்தில் நின்ற ஹைப்ரிட்டை ஆன் செய்து பார்க்கும் ஆர்வமும் வேண்டாம்.

அக்கா ஸ்ட்ராங் எடுத்தாள். மாமா மைல்டு எடுத்தார், நாலு சக்கர இழுவையோடு. அந்த 172 சீட்டு இன்னும் அவர் பர்ஸில் இருக்கிறது.

போன மாதம் மாமா சென்னை வந்தபோது அக்கா வண்டியில் மூவரும் போனோம். சோழிங்கநல்லூர் சிக்னலில் நெடுநேரம் நின்றோம். சத்தமே இல்லை. "வண்டி ஆஃப் ஆயிருச்சா கண்ணு?" என்றார். இல்லை என்று அக்கா தலையாட்டினாள். ஏ.சி. துவாரத்துக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டி வைத்துக்கொண்டு சிக்னல் விழும்வரை அப்படியே இருந்தார். பச்சை விழுந்தது, வண்டி சத்தமின்றி நகர்ந்தது. "நல்லாத்தான் இருக்குது. ஆனா எங்கூர்ல இத்தன நேரம் நிக்கற சிக்னலு இல்லியே" என்றார்.